தாயாருக்குத் தெரிவிக்கப்பட்டது

பிப்ரவரி 11

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இடது முழங்காலைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் என் பேச்சைக் கேட்கின்றன. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நோயாளிகளைத் தனியாகத் தூக்காதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய். மாப்பிள்ளையின் கப்பல் இப்போது எந்தக் கடலில்?

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்துவிட்டோம். நான் கோச் ஆனதிலிருந்து எங்கள் சங்கத்துப் பெண்கள் கால்பந்து அணி இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. எல்லாம் கோல்கீப்பரால்தான். ‘பூனை’ என்று கூப்பிடுவோம் என்று எழுதியிருக்கிறேனே, அந்தப் பதினைந்து வயதுக்காரி. பந்து எந்த மூலைக்குப் போனாலும் பாய்ந்துவிடுவாள்.

முதல் பாதியில் அவளுக்கு ஒரு சின்ன அடி. எதிரணிப் பெண்ணின் முழங்கால் தலையில் பட்டது. ஐஸ் வைத்தேன், இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டாள். எழுந்ததும் “ஸ்கோர் என்ன சார்?” என்றாள். சொன்னேன். கையுறையை மாட்டிக்கொண்டே மறுபடி கேட்டாள். பிறகு இன்னொரு தடவை. மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆட்டத்தின் மேல் அவ்வளவு கவனம்! இப்போது ஓய்வில் இருக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. உடைமாற்றும் அறைக்குப் பின்னால் இருக்கிற என் அறையில் குழாய் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

உன் வார்டுக்குத் தலையில் அடிபட்டு வருகிறவர்கள் எத்தனை நாளில் எழுந்து நடப்பார்கள்? சும்மாதான் கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

பிப்ரவரி 17

அண்ணாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், முதுகும் கூடவே இருக்கிறது. அவர் இன்னும் ஐந்து மாதம் தண்ணீரில்தான். வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும் மட்டும். அதுவாவது இடையிடையே உறுமுகிறது.

ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டது கவனம் இல்லை, அண்ணா. சொன்ன பதில் தலையில் தங்கவில்லை என்று அர்த்தம். எங்கள் வார்டில் யாராவது அப்படிக் கேட்டால் நாங்கள் சிரிக்க மாட்டோம், டாக்டரைக் கூப்பிடுவோம்.

உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுது. அதற்கப்புறம் அவளை விளையாட விட்டாயா? வாந்தி எடுத்தாளா? தள்ளாடினாளா? ‘ஓய்வில்’ என்கிறாயே, வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? அவள் அம்மாவுக்கு யார் சொன்னது?

போனில் கேட்கலாம்தான். போனில் நீ “நல்லா இருக்கேன், நீ எப்படி?” என்று வைத்துவிடுவாய். கடிதத்தில்தான் உனக்கு வாய் தவறும். “சும்மாதான் கேட்கிறேன்” என்று நீ எழுதியதைப் படித்ததும் உடனே பேனாவை எடுத்துவிட்டேன்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

குட்டிம்மா

*

மார்ச் 6

குட்டிம்மாவுக்கு,

தைலம் வந்தது. கால் பரவாயில்லை. புல் வெட்டும் இயந்திரம் பழுதாகி, அதற்கு ஆள் தேடி, அப்படி இப்படி என்று நாள் ஓடிவிட்டது. கோபிக்காதே.

பூனை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போன கடிதத்தை நான் எழுதிய அன்றும் அங்கேதான் இருந்தாள். ஆட்டத்துக்கு மறுநாள் காலை எழுப்பினால் எழவில்லையாம். தலைக்குள் ரத்தக்கசிவு என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள். ஒன்பதாம் நாள் கண் திறந்தாள்.

மாற்றுக் கோல்கீப்பருக்கு அன்று காய்ச்சல். “விளையாட முடியுமா?” என்று பூனையைக் கேட்டேன். “விளையாடறேன் சார்” என்றாள். விட்டுவிட்டேன். இரண்டாம் பாதியில் கோல் கம்பத்தில் இன்னொரு முறை மோதிக்கொண்டாள். ஆட்டம் முடிந்ததும் வாந்தி எடுத்தாள். வெயில் என்று நினைத்துக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, மற்ற பிள்ளைகளோடு வேனில் ஏற்றி அனுப்பினேன். வேன் திரும்பும்போது எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

கால்பந்துக் கூட்டமைப்பிலிருந்து விசாரணை வரும் போலிருக்கிறது. சங்கச் செயலாளர் பயப்பட வேண்டாம் என்கிறார். பெற்றோர்கள் வருட ஆரம்பத்திலேயே, அடிபட்டால் சங்கம் பொறுப்பல்ல என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். காயப் பதிவேட்டிலும் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது.

இறுதி ஆட்டம் தோற்றுவிட்டோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மார்ச் 12

அண்ணா,

நலமா என்று கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும்.

விபத்து வழக்குகளுக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து போகிற வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லாமல் அவரிடம் கேட்டேன். “அந்தக் கையெழுத்து விளையாட்டுல சகஜமா வர்ற அடிக்கு. பார்க்க வேண்டியவரு பார்க்காம விட்டதுக்கு இல்ல” என்றார். “அடிபட்ட குழந்தையைக் களத்தை விட்டு எடுக்கணும், டாக்டர்கிட்ட காட்டணும், பெத்தவங்ககிட்ட சொல்லணும். கோச்சுன்னு விசிலைக் கழுத்துல மாட்டின நிமிஷத்துலேர்ந்து அது அவர் கடமை” என்றார். நான் தேநீர் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

முதலுதவிப் பயிற்சிக்குப் போனாயே, அந்தச் சான்றிதழைப் புதுப்பித்தாயா? சங்கத்தின் முதலுதவிப் பெட்டியில் வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?

நான் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் நீ பதிலே எழுதவில்லை. அவள் அம்மாவுக்கு யார் சொன்னது? பதிவேட்டில் ‘எல்லாம் ஒழுங்காக’ என்றால் என்ன? எழுதியது யார்?

சாப்பிடு. தூங்கு. பதில் போடு.

குட்டிம்மா

*

மார்ச் 30

அண்ணாவுக்கு,

பதினெட்டு நாள் ஆகிறது. நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

நான் திட்டிவிட்டேன் என்று கோபமா? திட்டுவதற்கு எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லு. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தபால்பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்க்கிறேன். கீழ்வீட்டுக்காரர் சிரிக்கிறார்.

உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி போதும்.

குட்டிம்மா

*

ஏப்ரல் 14

குட்டிம்மாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது.

உன்னிடம் கோபம் எதற்கு? எழுத உட்காருவேன். ‘நலம்’ வரைக்கும் வரும். பிறகு பேனாவை மூடி வைத்துவிடுவேன். இன்று எப்படியாவது முடித்துவிடுகிறேன்.

அவள் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. தோன்றவே இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் வலைகளைச் சுருட்டி வைத்துவிட்டு அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் செய்தி வந்ததும் செயலாளர் என்னை அலுவலகத்துக்கு அழைத்தார். பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். அன்றைய தேதிக்கு நேரே ஒன்றும் இல்லை.

“எழுதுங்க” என்றார். “தலையில் லேசான அடி. முதலுதவி செய்யப்பட்டது. மாலை ஆறு மணிக்குத் தாயாருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி அறிவுறுத்தப்பட்டது.”

“நான் போன் பண்ணலையே” என்றேன்.

“நீங்க பண்ணதா யார் எழுதச் சொன்னா? ‘தெரிவிக்கப்பட்டது’ன்னு எழுதுங்க. ஆபீஸ் போன்லேர்ந்து போனதா இருக்கட்டும். அதுலேர்ந்து யாருக்குப் பேசினோம்னு பட்டியல் எதுவும் கிடையாது. நாப்பது பிள்ளைங்க விளையாடற இடம் சார், இழுத்து மூடிட்டா எங்க போகும்?”

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். மைதானத்தின் நீளம் அகலம் எழுதுவது போல எழுதினேன்.

போன மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாழ்வாரத்தில் அவள் அம்மா இருந்தாள். ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறவள். கை இரண்டும் வெந்து சிவந்திருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“சார், அன்னிக்கு எனக்குப் போன் பண்ணீங்களாமே. செயலாளர் சார் சொன்னாரு. வேலை நேரத்துல போனை வெளியில பெட்டியில வச்சுட்டுத்தான் உள்ள போகணும். பழைய போனு, சில நேரம் வந்ததைக் காட்டாது. நான் பார்க்காம விட்டுட்டேன் சார். பார்த்திருந்தா அவளைத் தூங்க விட்டிருக்க மாட்டேனே.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். “வருத்தப்படாதீங்கம்மா” என்றேன். பூனையைப் பார்க்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

என்னை இப்போது பயிற்சிக்கு விடுவதில்லை. வேறு ஒருவர் வருகிறார். ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். சாத்தினாலும் விசில் கேட்கிறது. மே இருபத்தாறாம் தேதி விசாரணை.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

நான் என்ன நினைப்பேன் என்று உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவரிடம்கூடச் சொன்னதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் என் வார்டில் எட்டாம் நம்பர் படுக்கையில் ஒரு வயதான தையல்காரர் இருந்தார். ஆபரேஷன் முடிந்து நினைவு கொஞ்சம் குழம்பியிருந்தது. காற்றில் துணி தைப்பது போல விரலை அசைத்துக்கொண்டே இருப்பார். அவருக்கு மாத்திரை கொடுப்பதற்காகக் கட்டிலின் தடுப்புக் கம்பியை இறக்கினேன். அதற்குள் அடுத்த அறையில் மணி அடித்தது. ஓடினேன். கம்பியை ஏற்றிவிட்டு ஓடியிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? கம்பியை மேலே ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். குறிப்பேட்டில் ‘தடுப்புக் கம்பி உயர்த்தப்பட்டிருந்தது’ என்று எழுதினேன். நீ எழுதிய அதே மாதிரி வாக்கியம். யார் உயர்த்தினார்கள் என்று அதில் இருக்காது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அவருடைய மகள் வந்து அவரைத்தான் திட்டினாள். “கம்பியைத் தாண்டிக் குதிக்கிற வயசாப்பா இது? சொன்னாக் கேக்க மாட்டீங்களா?” என்று. அவருக்கு ஒன்றும் நினைவில்லை. “தெரியாம செஞ்சுட்டேம்மா, மன்னிச்சுக்கோ” என்று மகளிடம் கெஞ்சினார். நான் பக்கத்தில் நின்று அவருக்குப் போர்வையைச் சரிசெய்தேன். ஆறு வாரத்தில் இறந்துவிட்டார். அந்த மகள் என் கையைப் பிடித்து, நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நீ செய்ததற்கு நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அம்மா தினமும் தன் போனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாள். பத்து வருடம் கழித்தும் சொல்லுவாள். உனக்கு மே இருபத்தாறு என்று ஒரு தேதி இருக்கிறது அண்ணா. எனக்கு அப்படி ஒரு தேதியே வரவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு என்று எழுத நினைத்தேன். வேண்டாம், வைத்துக்கொள்.

கால் வலிக்குத் தைலத்தைச் சூடு செய்து போடு.

குட்டிம்மா

*

மே 28

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நலம். உன் நலம் எப்படி என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

விசாரணை முடிந்தது. ஒரு பேனா நோட்டுக் கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், அவர்களில் ஒரு டாக்டரம்மா. செயலாளர் பதிவேட்டை வாசித்தார். நான் எழுதியதை அவர் குரலில் கேட்டபோது நம்பும்படியாகத்தான் இருந்தது.

பூனையின் அம்மாவைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா தன்மையாகத்தான் கேட்டார், “தகவல் வந்தும் ஏம்மா உடனே கூட்டிட்டு வரல?” அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “தப்புதாங்க. நான் பார்க்கல” என்றாள். செயலாளர் எழுதி வைத்துக்கொண்டார்.

என் முறை இன்னும் வரவில்லை. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

“அந்த வரி பொய்” என்றேன். “நான் போன் பண்ணல. யாரும் பண்ணல. மறுநாள் உட்கார்ந்து நான்தான் எழுதினேன்.”

செயலாளர், “அவர் மனசு சரியில்லாம இருக்காரு” என்றார்.

“இப்பதான் சரியா இருக்கு” என்றேன். எழுதச் சொன்னது யார் என்பதையும், எழுதியது என் கைதான் என்பதையும் சொன்னேன். சான்றிதழ் காலாவதியாகி இரண்டு வருடம் ஆனதையும், அவள் திரும்பத் திரும்ப ஸ்கோர் கேட்டதையும் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்.

பூனையின் அம்மா என்னிடம் திரும்பினாள். “அப்ப எனக்குப் போன் வரவே இல்லையா?”

“வரலைம்மா.”

“நான் எடுக்காம விடலையா?”

“இல்லம்மா. நாங்க பண்ணவே இல்ல.”

சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள். “மூணு மாசமா இந்தப் போனை எடுத்து எடுத்துப் பார்த்துட்டு இருக்கேனே” என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். என்னைப் பார்க்கவில்லை. எதற்காகப் பார்க்க வேண்டும்?

மூன்று வருடம் நான் யாருக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது. அதன் பிறகும் முதலுதவித் தேர்வு எழுதித் தேறினால்தான். செயலாளரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். சங்கத்தின் மேலும் என் மேலும் நீதிமன்ற வழக்கு தனியாக வருகிறது. அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மற்ற பயிற்சியாளர்கள் என்னைக் கண்டால் ஷூ லேஸைக் கட்டக் குனிகிறார்கள்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீ எப்படி இத்தனை வருடம் தனியாகச் சுமந்தாய்? எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கக் கூடாதா?

அண்ணன்

*

ஜூன் 10

அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

திங்கட்கிழமை தலைமை நர்ஸிடம் போய் எட்டாம் நம்பர் விஷயத்தைச் சொன்னேன். “பதினோரு வருஷம் ஆச்சே, இப்ப எதுக்கு?” என்றார். எழுத்தில் கொடுத்தேன். மேலே அனுப்பியிருக்கிறார். என்ன வரும் என்று தெரியவில்லை. தையல்காரரின் மகளுடைய பழைய முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. வராமலே போகலாம்.

அவரிடம் போனில் சொன்னேன். கப்பல் இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம், “சாப்பிட்டியா?” என்றார். அது போதும் எனக்கு.

இங்கே வந்து என்னோடு இரு என்று கூப்பிட்டால் வர மாட்டாய். ஆனாலும் கூப்பிடுகிறேன்.

குட்டிம்மா

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

கால், கை, தலை எல்லாம் சுகம். உன் விஷயத்தில் மேலிடத்திலிருந்து ஏதாவது வந்ததா? வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் நான் அங்கே வருகிறேன். பத்து நாள் இருப்பேன். துரத்தாதே.

ஒரு டயர் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. டயர்களை அளவுவாரியாக அடுக்கி வைப்பது, லாரிக்கு எண்ணி விடுவது. நாள் முழுக்க ரப்பர் வாசனை. யாரும் ‘சார்’ என்று கூப்பிடுவதில்லை. சில நாள் மதியம் வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு வாயைத் திறந்தால் என் குரலே எனக்குப் புதிதாக இருக்கிறது.

நேற்றைக்கு முன்தினம் சாப்பாட்டு நேரத்தில் பூனையின் அம்மா கிடங்குக்கு வந்தாள். டயர் அடுக்குகளுக்கு நடுவில் நின்றாள். நான் உட்காரச் சொல்ல ஒரு நாற்காலிகூட இல்லை.

“உங்களை மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல” என்றாள்.

“தெரியும்மா.”

“அவ இப்ப வீட்டுலதான் இருக்கா. அன்னிக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல. ‘நீதான் விளையாடறேன்னு சொன்னியாம்’னு கூடப் படிக்கிற பிள்ளைங்க சொல்லியிருக்கு. அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. ‘என்னாலதானே அம்மா உனக்கு இவ்வளவு கஷ்டம்’னு கேக்கறா. நான் சொன்னா நம்பல. நீங்க எழுதிக் குடுங்க. நடந்தது நடந்தபடி.”

நேற்று சாயந்திரம் எழுதினேன். முழங்கால் பட்டது முதல் வேன் போனது வரைக்கும், நிமிடம் நிமிடமாக. கடைசியில் இப்படி எழுதினேன்: ‘நீ விளையாடுகிறேன் என்று சொன்னது உண்மை. தலையில் அடிபட்டு அரையிறுதியில் நிற்கிற எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். அப்படிச் சொன்னாலும் உன்னை வெளியே உட்கார வைக்கத்தான் அங்கே ஒரு பெரியவன் நின்றுகொண்டிருந்தான். அவன் அதைச் செய்யவில்லை. உன்னைக் கேட்டதே என் தப்பு. நீ சொன்ன பதிலில் தப்பு இல்லை.’

இன்று மத்தியானம் வந்து வாங்கிக்கொண்டாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். உதடு அசைய அசையப் படித்தாள். மடித்துப் பைக்குள் வைக்கப் போனவள், என்ன நினைத்தாளோ, திருப்பி என்னிடமே நீட்டினாள்.

“அவளுக்கு இன்னும் எழுத்து மங்கலாத்தான் தெரியுது. படிக்க முடியாது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து நீங்களே படிச்சுக் காட்டுங்க” என்றாள்.

தாள் இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள். இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன், குட்டிம்மா. இரண்டு தடவையும் ‘ஒரு பெரியவன்’ என்ற இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. அதை அடித்துவிட்டு ‘நான்’ என்று எழுதியிருக்கிறேன்.

முதுகைப் பார்த்துக்கொள்.

அண்ணன்